கம்பி இழுக்குமா

யாராவது "கரண்ட் இழுத்துடுச்சு" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரண்ட் என்ன கயிறா, இழுப்பதற்கு? துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை மின் பராமரிப்பில் இருந்தவள் நான். பேனலைத் திறந்து மூடி, மோட்டாரைக் கழற்றி மாட்டி, ஷாக்கும் வாங்கி, நடுவில் இரண்டு பிள்ளையும் பெற்றவள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், வாட்ஸ்அப்பில் வந்தது என்று மின்சாரத்தைப் பற்றி ஏதாவது உளறினால் போதும், பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு அவரோடு மல்லுக்கு நிற்பேன். "வீட்டுக்குள்ளயே ஒரு சப்-ஸ்டேஷனை வெச்சுக்கிட்டு நான் படுற பாடு" என்று என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தெருவில் எனக்குப் பெயரே கரண்டம்மா.

எங்கள் தெரு திருவானைக்காவலைத் தாண்டி, கொள்ளிடத்தைப் பார்த்த மாதிரி இருக்கிறது. கடைசி வீட்டுக்குப் பின்னால் சில காலி மனைகள், அதற்கப்புறம் வாழைத்தோட்டம். அந்த மனைகளின் மேல்தான் உயரழுத்த மின்சார டவர் லைன் போகிறது. பனிக்காலத்துக் காலை நேரங்களில் அது உஸ்ஸென்று இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்கு ஏற்றபடி தெருவில் கதைகளும் உண்டு. அதன் கீழே மாடு கட்டினால் பால் வற்றிவிடும். பிள்ளைத்தாய்ச்சி கடந்து போகக்கூடாது. குடை பிடித்துப் போனால் குடைக்கம்பி வழியாக இறங்கும். வீட்டு கரண்ட் ஆளைத் தூக்கி எறியும், டவர் லைன் கரண்ட் ஆளையே மேலே இழுத்துக்கொள்ளும். நான் ஒவ்வொன்றாக இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ட்யூப்லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் கீழே நின்றால் லேசாக மினுங்கும் என்பதை மட்டும் ஒத்துக்கொண்டேன், ஏனென்றால் அது உண்மை. நான் அதை ஒத்துக்கொண்டதால் மற்றதெல்லாமும் உண்மை என்று ஆகிவிட்டது.

எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அவர் பாலக்கரையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். வளைகுடாவில் பல வருடம் உழைத்துவிட்டு வந்து, கடையும் போட்டு, இந்த வீட்டையும் கட்டியவர். பேச்சு குறைவு. கை மட்டும் கொஞ்சம் நீளம்; தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கொடுக்கிற கையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டு மொட்டைமாடிக் குழாய் உடைந்தால் நாங்கள் பிளம்பரைத் தேடுவதற்குள் அவர் கடையிலிருந்து சாமானோடு வந்து நிற்பார். அவர் மனைவிக்கு நான் அக்கா. ஒரே மகள், அப்போது எட்டாம் வகுப்பு. அவளுக்கு நான் பெரியம்மா. என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் அவள் அறிவியல் பாடம் படிப்பாள். "ஏன்?" என்று கேட்காமல் ஒரு வரியைத் தாண்ட மாட்டாள். அந்தக் குணத்துக்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

தெருவுக்குப் பொதுவாக ஒரு மூங்கில் துரட்டி இருந்தது. அது கரையான் அரித்து ஒடிந்துபோனபோது, அவர் கடையில் மிஞ்சிய அலுமினியக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, முனையில் கொக்கி மாட்டி, நீளமாக ஒரு துரட்டி செய்து தன் காம்பவுண்டு சுவரில் சாய்த்துவைத்தார். "யாரு வேணாலும் எடுத்துக்கங்க. திருப்பி வெச்சிருங்க, அவ்வளவுதான்." தூக்கினால் கனமே தெரியாது. முருங்கைக்காய், மாங்காய், நெல்லிக்காய் என்று ஆளாளுக்கு எடுத்துப்போனார்கள். நானும் என் வீட்டு முருங்கையில் கீரை ஒடிக்க எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். அது அலுமினியம் என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. கனமில்லாத துரட்டி என்றுதான் அதை நினைத்தோம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, பங்குனி வெயில். ஜும்மா தொழுகைக்காகக் கடையை அடைத்தவர், சாப்பிட வீட்டுக்கு வந்தார். வந்தவர் இலை போடும் முன்பே துரட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கத்துக் காலி மனைக்குப் போனார். அங்கே ஒரு பெரிய கொடுக்காப்புளி மரம். டவர் லைனுக்கு நேர் கீழே இல்லை, ஓரமாக. தெருப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் பறித்துத் தின்பார்கள்.

நான் அடுப்படியில் இருந்தேன். ஒரு சத்தம் கேட்டது. பட்டாசு என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கூடத்தில் ஃபேன் ஒரு நொடி தயங்கிவிட்டு மறுபடி சுற்றியது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ஓடினேன். வாழைத்தோட்டக்காரர் எனக்கு முன்னால் அங்கே நின்று, "கிட்ட போகாதீங்க, யாரும் கிட்ட போகாதீங்க" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் மரத்தடியில் கிடந்தார். துரட்டி ஒரு பக்கம், போன் ஒரு பக்கம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதெல்லாம் மனசு கேட்காமல் செய்த காரியம். எவ்வளவு நல்ல மனுஷன். 

மறுநாள் அடக்கத்துக்கு மையத்தை எடுப்பதற்கு முன்பே கதை தயார். போன் பேசிக்கொண்டே மரத்தடிக்குப் போனாராம். டவர் லைன் போன் வழியாக இழுத்துவிட்டதாம். எனக்கு இந்த 'ஆம்' மேல் தீராத ஆத்திரம். போனாராம், பேசினாராம், இழுத்துச்சாம். சொல்கிறவர் எதையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. கடைசியில் 'ஆம்' போட்டுவிட்டால் பொறுப்பு முடிந்தது. யாரைப் பிடித்து உலுக்கினாலும் "எனக்கும் சொன்னாங்க" என்பார்கள்.

சரி, யார்தான் முதலில் சொன்னது என்று நானும் பிடித்துக்கொண்டே போனேன். எல்லார் வாயிலும் 'ஆம்' இருந்தது. ஒரே ஒருத்தியிடம்தான் இல்லை. அவர் மனைவியிடம்.

"நான்தான் போன் பண்ணேன். சாப்பாடு ஆறுது வாங்கன்னு கூப்பிட்டேன். பேசிட்டிருக்கும்போதே கட்டாயிடுச்சு" என்றாள்.

அவள் அப்போது இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்தபின் வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும், சில மாதங்கள். உறவுப் பெண்களும் தெருப் பெண்களும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். வந்த ஒவ்வொருவரும் கேட்டார்கள், ஒவ்வொருவரிடமும் அவள் அந்த மூன்று வாக்கியங்களை அதே வரிசையில் சொன்னாள். ஒருநாள் அவளுடைய மாமியார், அத்தனை பெண்கள் மத்தியில், "உன் பேச்சுதான்டி என் புள்ளைய முழுங்கிருச்சு" என்று சொல்லிவிட்டார். பெற்ற வயிறு, அதற்கு என்ன சொல்ல. அவள் தலையைக் குனிந்துகொண்டு "ஆமா மாமி" என்றாள். மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து பாய் நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

அவர் மனைவி தன் போனை அணைத்து பீரோவுக்குள் வைத்துவிட்டாள். யாருடைய போன் அடித்தாலும் உடம்பு தூக்கிப்போடும். நான் கொண்டுபோகும் கஞ்சியில் பாதி அப்படியே திரும்பி வரும். இந்தப் பெண் தன் போன்தான் புருஷனைக் கொன்றது என்று நினைத்துக்கொண்டே மிச்ச வாழ்க்கையை ஓட்டப்போகிறாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை. போன் யாரையும் இழுக்காது. அதை அவளுக்கு ஐயம் திரிபறக் காட்டி, அந்தப் பழியை அவள் தலையிலிருந்து இறக்கியே தீருவது என்று முடிவு பண்ணினேன். அது ஒன்றுதான் அந்த மனுஷனுக்கு நான் செய்யக்கூடியது என்று நினைத்தேன்.

தெருமுனை மளிகைக்கடையில் ஆரம்பித்தேன். அங்கேதான் எல்லாக் கதைக்கும் உப்புப் புளி சேரும்.

"தொரட்டி அலுமினியம்ங்க. அதுதான் காரணம்" என்றேன்.

கடைக்காரர் பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: "அந்தத் தொரட்டிய நான் தூக்கலியா, நீங்க தூக்கலியா? அதே மரத்துல என் மச்சான் போன வருஷம் பை நிறையப் பறிச்சாரு. அதே மரம், அதே லைன், அதே தொரட்டி. அன்னைக்கு மட்டும் என்னங்கம்மா புதுசு? போன்தானே புதுசு."

"போனுக்கும் கம்பிக்கும் என்னங்க சம்பந்தம்?"

"அது உங்களுக்குத்தான் தெரியணும். கரண்டம்மா நீங்கதானே."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. பருப்பை வாங்காமலே திரும்பிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால், அவர் சொன்ன பதில்தான் தப்பு, கேட்ட கேள்வி தப்பில்லை. அன்றைக்கு மட்டும் என்ன புதுசு? எத்தனையோ வருடம் ஒன்றும் ஆகாத இடத்தில் அன்றைக்கு ஏன் ஆனது? இதற்குப் பதில் இல்லாமல் நான் என்ன சொன்னாலும் அந்தப் பெண்ணிடம் எடுபடாது.

அந்த மனைக்குப் போய்ப் பார்த்தேன். மரத்தைப் பார்த்ததும் ஏதோ இடித்தது. குள்ளமாகிவிட்ட மாதிரி இருந்தது. என் மகன் சின்னவனாக இருந்தபோது அந்த மரத்தின் கவட்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பான், நான் கீழே நின்று கையை உயர்த்தித்தான் அவனைப் பிடித்து இறக்குவேன். அந்தக் கவட்டை இப்போது என் இடுப்புக்கு இருந்தது. மரம் எங்காவது கீழே இறங்குமா? தரைதான் ஏறியிருந்தது.

வாழைத்தோட்டக்காரரைக் கேட்டேன். "ஆமாங்க, மனைக்காரரு மழைத்தண்ணி நிக்குதுன்னு லாரி லாரியா மண்ணடிச்சாரு. பொங்கலுக்கு அப்புறம்தான். வீடு கட்டப் போறாராம்."

அவ்வளவுதான். கம்பி இருந்த இடத்தில் இருக்கிறது, தரை மேலே வந்துவிட்டது. தரையோடு ஆளும் ஆளோடு துரட்டியும் மேலே வந்துவிட்டன. போதாக்குறைக்கு மத்தியான வெயிலில் கம்பி நீண்டு கொஞ்சம் தொய்ந்திருக்கும். கீழ்க்கிளைக் காய்களைப் பிள்ளைகள் தின்று தீர்த்திருப்பார்கள், அவர் உச்சிக்குத்தான் நீட்டியிருப்பார். அந்த லைனில் ஓடுகிற மின்சாரத்துக்குத் தொட வேண்டும் என்பதே இல்லை. உலோகம் கிட்டத்தில் வந்தால் நடுவிலிருக்கிற காற்றையே தாண்டிவிடும். தொடாமலே ஆளைப் பிடிக்கும் என்று தெருவில் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருந்தது. வாழ்நாள் முழுக்க அதைக் கேலி பண்ணிக்கொண்டிருந்த எனக்கு, மரத்தடியில் நிற்கும்போது கால் கூசியது.

தெரிந்த லைன்மேன் ஒருவரிடமும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். "போனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லங்க மேடம். பைப்பைப் பார்த்ததுமே எங்க ஆளுங்களும் இதைத்தான் சொன்னாங்க. யாரு காது குடுத்துக் கேக்குறா?" என்றார்.

மறுநாள் மத்தியானம், மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவர் மனைவியிடம் போனேன். பரீட்சையில் தேறிவிட்ட பிள்ளை மாதிரி எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வேறு. மண்ணடித்ததிலிருந்து ஆரம்பித்து, கவட்டை, கம்பி, வெயில், குழாய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "உன் போனால ஒண்ணுமே நடக்கலம்மா. நீ போன் பண்ணியிருந்தாலும் பண்ணாட்டியும் இது நடந்திருக்கும். உன் தலைல இதைப் போட்டுக்காதே" என்று முடித்தேன்.

அவள் அழுவாள், அப்பாடா என்று மூச்சு விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா அக்கா?"

"தொரட்டிதான் காரணம்னு மளிகைக்கடையில சொன்னேன். யாரும் நம்பல. மண்ணு விஷயம் யாருக்கும் தெரியாது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நான் போனே பண்ணல அக்கா. போன் அவர் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. கீழ விழுந்து கிடந்ததைப் பார்த்துட்டு யாரோ பேசிட்டிருந்தாருன்னு சொல்லியிருக்காங்க."

"அப்புறம் ஏம்மா நீ…"

"அவதான் கேட்டா." மகளைச் சொன்னாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "காலைல ஸ்கூலுக்குக் கிளம்பும்போது, அத்தா, எல்லாரும் கொடுக்காப்புளி கொண்டு வராங்க, எனக்கும் பறிச்சு வைங்கன்னு கேட்டா. அவ சாயங்காலம் வர்றதுக்குள்ள பறிச்சு வெச்சிடணும்னு சோத்துல கூட உக்காராமப் போனாரு. அன்னைக்கு எல்லாரும் அழுதாங்க, அவ மட்டும் அழல. என் மடியில படுத்துக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. நான் கேட்காம இருந்திருந்தா அத்தா அங்க போயிருக்க மாட்டாங்கல்லம்மான்னு."

அவள் குரல் இறங்கிவிட்டது.

"நான் என்ன அக்கா சொல்லுவேன்? வெளிய எல்லாரும் போனு போனுன்னு பேசிக்கிட்டிருந்தாங்க. அத்தா எத்தனையோ தடவை அங்க பறிச்சிருக்காங்க, ஒண்ணும் ஆனதில்ல, இன்னைக்கு அம்மா போன் பண்ணதாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் தூங்கினா. இப்ப தொரட்டிதான்னு நீங்க தெருவுல நிரூபிச்சீங்கன்னா, தான் கேட்ட கொடுக்காப்புளிதான் அத்தாவைக் கொன்னுச்சுன்னு அவ முடிவு பண்ணிடுவா. என்னை வெறுத்தா வெறுக்கட்டும் அக்கா. அது தன்னைத்தானே வெறுத்துக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மூன்று வாக்கியங்களை ஏன் ஒரு எழுத்து மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் விளங்கியது. மாமியாரின் பேச்சுக்கு ஏன் தலை குனிந்தாள் என்பதும், போன் அடித்தால் ஏன் பதறிக் காட்டினாள் என்பதும். வாழ்நாளெல்லாம் வதந்தியை விரட்டி அடித்த எனக்கு, ஒரு வதந்தியை ஒருத்தி இப்படித் தன் பேரில் எழுதி வாங்கிக்கொள்வாள் என்று தோன்றவே இல்லை. "சரிம்மா, நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. இத்தா முடியும்வரை பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். துறையூரிலிருந்து வந்த ஒரு தூரத்து உறவு, லால்குடிப் பக்கம் ஒரு பையன் ரயில்வே ஸ்டேஷனில் செல்ஃபி எடுத்து இப்படித்தான் போனான் என்று கதையை இன்னும் ஒரு சுற்று நீட்டியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து "ம்" கொட்டினேன். நாக்கைக் கடித்துக்கொண்டுதான். அவள் மாமியார் அதற்கப்புறம் மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. பெருநாளைக்குப் பேத்திக்கு மட்டும் துணி வரும், இவளுக்கு ஒரு சலாம்கூட வராது. ஒரு வார்த்தை சொன்னால் அந்த அம்மாள் இவளைக் கட்டிக்கொண்டு அழுவார் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த அம்மாளும் போன வருடம் காலமாகிவிட்டார், கடைசிவரை மருமகள் மேல் அந்தக் கசப்போடுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இதிலே இன்னொரு சிக்கல் இருந்தது. தெருவில் எல்லோரும் போனைக் கண்டு பயந்தார்கள், குழாயைக் கண்டு ஒருவரும் பயப்படவில்லை. அடுத்த கோடையில் ஒருநாள் மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மளிகைக்கடைக்காரர் ஒரு புது அலுமினியத் துரட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்த மனைப் பக்கம் நடந்து போகிறார். நான் படியிறங்கினேனா விழுந்தேனா தெரியாது, தெருவில் ஓடி அவர் முன்னால் போய் நின்றேன்.

"எங்கங்க போறீங்க இதைத் தூக்கிக்கிட்டு?"

அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "பயப்படாதீங்கம்மா. போனைக் கடையிலயே வெச்சுட்டு வந்துட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பாடம் எடுத்துவிட்டு, மண்ணடித்த கதையைச் சொல்லி, இந்த மனுஷனை நடுத்தெருவில் நிற்கவைத்துக் கேட்டுவிடலாம் போல வந்தது. ஆனால் அந்த நேரம் பக்கத்து வீட்டு வாசலில் அந்தப் பெண்பிள்ளை சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தது. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"பைப்பும் ஆகாதுங்க" என்றேன்.

"அவரு போன்லதானேம்மா போனாரு?"

"போனும்தான். போனும் பைப்பும் ரெண்டும் சேர்ந்தா ஆபத்து. தனித்தனியாவும் ஆபத்து. நீங்க அதைக் கீழ வைங்க முதல்ல."

அவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டுமா" என்றார். பிறகு துரட்டியைக் கீழே போட்டு இழுத்துக்கொண்டே திரும்பிப் போனார். அன்று மாலைக்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது: போனும் பைப்பும் சேர்ந்தால் இழுக்குமாம், கரண்டம்மாவே சொல்லிட்டாங்களாம். நானும் வீடு வீடாகப் போய், கம்பிக்குக் கீழே நீளமாக எதையும் தூக்காதீர்கள், மூங்கிலாக இருந்தாலும் சரி, ஈரமாக இருந்தால் அதுவும் ஆபத்துதான் என்று சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் "போனும்தானே?" என்றார்கள். "போனும்தான்" என்றேன். என்னால் பரவிய முதல் வதந்தி அது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் துரட்டியோடு போகவில்லை, அந்த மட்டும் சரி. அந்த மனுஷன் இருந்திருந்தால் என்னைப் பார்த்து வாய் விட்டுச் சிரித்திருப்பார்.

அந்தப் பிள்ளை இப்போது ப்ளஸ் டூ. மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாடப்புத்தகத்தோடு என் வீட்டு மேஜைக்கு வந்துவிடும். கேள்வி கேட்பது மட்டும் குறைந்திருந்தது. வயதுக்கு வந்த பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். போன வாரம் நிலைமின்னியல் பாடம். மின்னல் எப்படி வருகிறது, கூர்முனையில் மின்னூட்டம் ஏன் சேருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பேனாவை மேஜையில் உருட்டியபடி கேட்டாள்.

"வோல்டேஜ் ரொம்ப அதிகமா இருந்தா காத்தே கடத்தும், இல்லையா பெரியம்மா?"

"ஆமா."

"அப்ப கம்பியைத் தொடணும்னு இல்ல. நீளமா ஒரு மெட்டல் பக்கத்துல வந்தா போதும்."

அவள் பேச்சு எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "போதும்" என்றேன். வேறு என்ன சொல்ல, புத்தகம் திறந்தே இருந்தது.

"போன் இருந்தாலும் இல்லாட்டியும்?"

"போனும்தான்மா" என்றேன்.

"புக்ல அப்படி இல்லையே பெரியம்மா."

"புக்ல எல்லாத்தையும் போடுவாங்களா?"

நான் படித்த படிப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை, இந்தப் பெரியம்மா ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று எனக்காகப் பரிதாபப்படுகிற மாதிரி இருந்தது. புத்தகத்தை மூடினாள்.

"எனக்குப் போன வருஷமே தெரியும் பெரியம்மா. அந்த மனையில மண்ணடிச்சதையும் தோட்டக்காரத் தாத்தாகிட்ட கேட்டுட்டேன். அம்மாவுக்குத்தான் தெரியாது. இத்தனை வருஷமா தன் போனாலதான் அத்தா போனாங்கன்னு நெனச்சுக்கிட்டே இருக்காங்க. இன்னமும் போன் அடிச்சா பதறுறாங்க." புத்தகத்தை என் பக்கம் தள்ளிவைத்தாள். "நான் சொன்னா, என்னைச் சமாதானப்படுத்தத்தான் பார்ப்பாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. அவங்க போன் பண்ணதால இல்ல, நான் கொடுக்காப்புளி கேட்டதாலதான்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க பெரியம்மா."

இன்றைக்கும் வந்தாள். பாடம் முடிந்து செருப்பை மாட்டும்போது, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.